நான்காம் சுற்றில் இறந்தவள்

டிரம்மில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோதுதான் வேல்பாண்டிக்கு அந்தப் போன் வந்தது. இரண்டு கையும் முழங்கை வரை நீலம் பூத்திருந்தது. சட்டைப் பையைத் தொட முடியாது. திராட்சைப் பந்தலுக்குள் கொடி கட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டான்.

"ஆத்தா, இந்தப் போன எடுத்து ஸ்பீக்கர்ல போடு."

அவள் போட்டாள். பந்தலுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"வணக்கம். பொன்மாமணி கலை அறிவியல் கல்லூரியிலிருந்து பேசுகிறோம். மூன்றாம் ஆண்டு கணிதம் படிக்கும் உங்கள் மகள் உமாதேவி, இன்று முற்பகல் நான்காம் சுற்றில் மரணமடைந்தார். பெற்றோர் உடனே நேரில் வரவும். எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி."

வழக்கமாகக் கட்டணம் கட்டச் சொல்லும் அதே பெண் குரல். அதே இனிமை.

வேல்பாண்டிக்கு 'மரணமடைந்தார்' மட்டும்தான் காதில் விழுந்தது. நான்காம் சுற்று என்பது சாலையா, மாடியா, என்ன எழவு என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. டிரம்மைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். டிரம் சாய்ந்து மருந்து முழுக்க அவன் மடியில் கொட்டியது. கொடி கட்டிய பெண்கள் நூலைப் போட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினார்கள். அவன் பைக்கைக் கிளப்பிப் பெரிய ரோட்டுக்கு ஏறுவதற்குள், அனுமந்தன்பட்டிக்குள்ளிருந்து மனைவி ராக்கம்மாளின் அலறல் கேட்டது. பெற்றவளுக்கு அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மகளின் நம்பருக்கு அடித்துப் பார்த்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கல்லூரியில் பகல் முழுக்கப் பிள்ளைகளின் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். அவனுக்கு அது நினைவில்லை. செத்தவள் போன் அணைந்துதானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கல்லூரி வாசலில் செக்யூரிட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன விசயமா வந்திருக்கீக?"

"எம்மக செத்துப்போச்சுன்னு போன் வந்துச்சுங்க."

"மரணமா? மரணம்னா இடது பக்கம். பட்டாபிஷேகம்னா வலது பக்கம். போனை இங்கன வச்சிட்டுப் போங்க. துக்கத்துல இருக்கிற பெற்றோர் போன் வச்சிருக்கக் கூடாது. துக்கம் கலைஞ்சிரும்."

வேல்பாண்டி போனைக் கொடுத்தான். அந்த நேரத்தில் உயிரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான். இடது பக்கம் ஓடினான். வரவேற்பறைப் பெண் எழுந்து கைகூப்பி, "ஆழ்ந்த அனுதாபங்கள் சார். டீயா, காபியா?" என்றாள்.

"எம்மக எங்கம்மா?"

"பின்னாடி ஆவிக்கூடத்துல இருக்காங்க சார்."

ஆவிக்கூடம் என்றால் பிணவறை என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான். சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போனான். தகரம் போட்ட பழைய சைக்கிள் ஸ்டாண்டு ஒன்று இருந்தது. அதற்குள் பிள்ளைகள் தோளில் வெள்ளைத் துண்டு போர்த்திக்கொண்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த ஒருத்தி எழுந்து, "அப்பா" என்றாள்.

உமாதேவி.

வேல்பாண்டி அவளைக் கட்டிப்பிடித்தான். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். மறுபடியும் கட்டிப்பிடித்தான். அவள் வெள்ளைத் துண்டெல்லாம் நீல மருந்து அப்பிக்கொண்டது.

"நான் விளையாட்டுலதாம்ப்பா செத்தேன்" என்று அவள் அவன் தோளுக்குள் சொன்னாள். "உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

அந்த விளையாட்டு வந்த கதை இதுதான். கல்லூரியின் தாளாளர் தங்கப்பாண்டியன் ஒருமுறை வெளிநாடு போயிருந்தார். அங்கே நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, நீ மந்திரவாதி, நான் வீரன், அவன் பூதம் என்று பேசிப் பேசியே ஒரு மாயக்கதையை ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே ஆடினார்கள் என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை. ஊர் திரும்பிய கையோடு அதைப் பாடமாக்கிவிட்டார். பெயர் 'மாயலோகம்: ஆளுமை வளர்ச்சி'. எல்லாத் துறைக்கும் கட்டாயம். சேர்ந்த அன்று பகடை உருட்டி ஒரு பாத்திரம் தருவார்கள். மூன்று வருஷமும் அந்தப் பாத்திரமாகத்தான் நடமாட வேண்டும். மாயலோகத்தில் வருகை இல்லாதவர் வேறெந்தப் பரீட்சையும் எழுத முடியாது. செத்தவருக்கு வருகை போட மாட்டார்கள்.

பகடை எல்லாருக்கும் ஒன்றுதான். தாளாளரின் மகன் உருட்டியபோது மட்டும் அது ஆறு விழும் வரை உருண்டது. அவன் இளவரசன் ஆனான். உமாதேவிக்கு ஒன்று விழுந்தது. இளவரசனுக்குத் தண்ணீர் தூக்குகிறவள் ஆனாள்.

"இன்னைக்குக் காலையில மலைப்பூதத்தோட சண்டைப்பா" என்றாள் அவள். "கிரவுண்டுல வச்சு. நாலாவது சுத்துல இளவரசருக்குப் பகடையில சாவு விழுந்திருச்சு. உடனே அவரு விதிமாத்து மந்திரம் போட்டாரு. அந்த மந்திரம் ராஜ குடும்பத்துக்கு மட்டுந்தான். போட்டா, அவரு விதி பக்கத்துல நிக்கிறவுக தலையில விழுந்திரும்."

"நீ எதுக்குத்தா பக்கத்துல போயி நின்ன?"

"தாகமா இருக்குன்னாரு. தண்ணி குடுக்கப் போனேன்."

தகரத்தின் சூடு தலையில் இறங்கியது. கூடத்தில் ஃபேன் இல்லை. ஆவிக்கு வேர்க்காது என்பது கல்லூரியின் நிலைப்பாடு. வேல்பாண்டி அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தான். ஒருவர் காலிலும் நல்ல செருப்பு இல்லை.

"அப்ப மந்திரத்தால விதிய மாத்திக்கிறலாம், அப்படித்தான?"

"மாத்தவெல்லாம் முடியாதுப்பா. எடுத்து இன்னொருத்தர் தலையில வைக்கத்தான் முடியும்."

"சரி, இந்தக் கருமத்த விடு. வா வீட்டுக்குப் போவோம். உங்காத்தா அங்கன அழுதுக்கிட்டுக் கெடக்கா."

உமாதேவி நகரவில்லை. நாளைக்குப் பல்கலைக்கழகப் பரீட்சை. இறந்தவரின் பெற்றோர் வாசலைத் தாண்டிவிட்டால் மரணத்தை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு முறையீடு கிடையாது. மூன்று வருஷப் படிப்பும் அந்தச் சைக்கிள் ஸ்டாண்டோடு முடிந்துபோகும். வேல்பாண்டி வாசலைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். வாசலுக்கு அந்தப் பக்கம், ஊரில், ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரப் பாக்கணும்?" என்று கேட்டான்.

முதலில் மந்திரத்துறை. துறைத்தலைவர் சசிதரன் குமுளிப் பக்கத்துக்காரர். ஜரிகை வைத்த நீல அங்கியும் கூம்புத் தொப்பியுமாக ஏசி அறையில் உட்கார்ந்திருந்தார். வேல்பாண்டி சொன்னதையெல்லாம் கண்மூடிக் கேட்டார்.

"உயிர்ப்பிக்கிற மந்திரம் நம்மகிட்ட இருக்கு சேட்டா. நல்ல மந்திரம். ஆனா ஒரு விசயம். மரணம் விதிப்படி நடந்ததா, விதிக்கு வெளிய நடந்ததான்னு விதித்துறை சொல்லணும். விதிப்படின்னா நாங்க அதைத் தொடக் கூடாது."

"விதிக்கு வெளியன்னா?"

"அப்ப அது மரணமே இல்லையே. மந்திரம் எதுக்கு?"

"அப்ப அந்த மந்திரத்த எப்பத்தான் சார் போடுவீக?"

சசிதரன் நேர்மையானவர். யோசித்துப் பார்த்தார். "இதுவரைக்கும் போட்டதில்ல. ஆனா நம்மகிட்ட இருக்குங்கிறதுதான் மாணவர்களுக்கு ஒரு நம்பிக்கை. புரியுதா? மந்திரம் வேலை செய்யணும்னு அவசியமில்ல. துறை வேலை செய்யணும்."

அடுத்தது விதித்துறை. தமிழில் சட்டத்துக்கும் தலையெழுத்துக்கும் ஒரே சொல் இருப்பதைத் தாளாளர் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்தக் கல்லூரியில் யாரும் கேள்வி கேட்டதில்லை. 'விதிகளை மீறாதீர்' என்று சுவருக்குச் சுவர் எழுதியிருந்தது. எந்த விதி என்று எழுதவில்லை. துறைத்தலைவர் கருத்தக்கண்ணன் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, வெள்ளித் தட்டில் வைத்த ஒரு பகடைக்கு முன்னால் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். பகடைக்கும் குங்குமம் வைத்திருந்தது.

"விதிய நாங்க எழுதுறதில்ல வேல்பாண்டி" என்றார் அவர். "நடந்து முடிஞ்சதும் படிக்கிறோம். எது நடந்துச்சோ அதுதான் விதி."

"சாவு அந்தப் பையனுக்குத்தான சார் விழுந்துச்சு?"

"அவரு சாகல பாத்தீகளா? அப்ப அவரு விதியில சாவு இல்லன்னு அர்த்தம்."

"பகடையில விழுந்துச்சாம்ல."

"பகடை தப்பா விழுந்துச்சு. மந்திரம் அதைத் திருத்துச்சு. மந்திரம் இருக்கிறதே அதுக்குத்தான்."

"எம்மக உருட்டுனப்பயும் தப்பா விழுந்திருக்கலாமில்ல?"

கருத்தக்கண்ணன் பகடையைப் பெருமையோடு பார்த்தார். "உங்கள மாதிரி வீட்டுப் பிள்ளைக உருட்டி ஒரு தடவகூட தப்பா விழுந்ததில்ல. அவ்வளவு துல்லியமான பகடை."

வேல்பாண்டி கோபத்தை விழுங்கினான். "சார், அது கெடக்கட்டும். ஒரே ஒரு போன் பண்ணிக்கிறேன். வீட்ல பொம்பள செத்துப்போவா. புள்ள உசுரோட இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிர்றேன்."

"உசுரோட இருக்குன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?" கருத்தக்கண்ணன் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "முடிவே வரல. தப்பான தகவல் குடுத்தா அந்தம்மா மனசு என்னத்துக்கு ஆகும்? நாங்க பொறுப்பான நிறுவனம்."

விதி மன்றம் கூடும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். வேல்பாண்டி ஒரு தூணில் சாய்ந்து நின்றான். மடியில் கொட்டிய மருந்து காய்ந்து தொடையெல்லாம் அரித்தது. இந்நேரம் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள். வடுகபட்டியிலிருந்து மச்சான் ஈஸ்வரபாண்டி கிளம்பியிருப்பார். ராக்கம்மாளுக்குத் தாங்காத உடம்பு. உமாதேவி பிறந்தபோதே பிழைப்பாளா என்று இருந்தவள். ஓடிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வாசலைப் பார்த்து நாலு எட்டு வைப்பான். நாளைக்குப் பரீட்சை என்று நினைப்பு வரும். திரும்பி வந்து அதே தூணில் சாய்வான். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிப்போடக் கயிறே தேவையில்லை என்று கண்டுபிடித்தவன் பெரிய மந்திரவாதிதான்.

மன்றம் கலையரங்கத்தில் கூடியது. மேடையில் தாளாளர் தங்கப்பாண்டியன் சிம்மாசனத்தில் இருந்தார். பக்கத்தில் சின்ன சிம்மாசனத்தில் இளவரசன், காதில் எதையோ மாட்டிக்கொண்டு செல்போனில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். கீழே ஆசிரியர்கள் எல்லாரும் அங்கி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் வெள்ளைத் துண்டோடு உமாதேவி நின்றாள். உயிரோடிருப்பவர்கள் ஆவியைப் பார்க்கக் கூடாது என்பதால் எல்லாரும் கவனமாக அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்கள்.

தாளாளர் மைக்கைத் தட்டினார்.

"இந்த மாயலோகத்தை நான் ஏன் கொண்டுவந்தேன்? நாளைக்கு நம்ம பிள்ளைக வெளிய போயி வாழணும். வெளிய என்ன இருக்கு? சில பேருக்கு மந்திரம் இருக்கு. மத்தவுகளுக்கு விதி இருக்கு. இத மூணு வருஷம் முன்னாடியே சொல்லிக் குடுத்திட்டா, பின்னாடி அதிர்ச்சி இருக்காது. இதுக்குப் பேருதான் கல்வி."

பலத்த கைதட்டல்.

"விதிக்கு முன்னால எல்லாரும் சமம். எம்மகனும் சமம். ஆனா அவன் கொஞ்சம் விதிக்குக் கிட்டத்துல ஒக்காந்திருக்கான். அது அவன் தப்பா?"

"இல்லை" என்றார்கள் ஆசிரியர்கள், ஒரே குரலில்.

வேல்பாண்டி, "ஐயா, எம்மக" என்று ஆரம்பித்தான். கருத்தக்கண்ணன் தடுத்தார். விளையாட்டில் இல்லாதவர் மன்றத்தில் பேச முடியாது. பேச வேண்டுமென்றால் அவரும் ஒரு பாத்திரம் எடுக்க வேண்டும். வெள்ளித் தட்டு வந்தது. வேல்பாண்டி பகடையை உருட்டினான். கருத்தக்கண்ணன் குனிந்து பார்த்தார்.

"இளவரசரின் பொதிகழுதை" என்று அறிவித்தார். "இப்ப நீங்க மன்றத்துல கலந்துக்கிறலாம். ஆனா கழுதை பேசக் கூடாது. ஒரு தடவ கத்துனா ஆமா. ரெண்டு தடவ கத்துனா இல்ல."

வேல்பாண்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காதெல்லாம் சூடாகிவிட்டது. மகளைப் பார்த்தான். அவள் தலையை வேகமாக ஆட்டினாள். "வேணாம்ப்பா. வாங்க போயிருவோம். பரீட்சையே வேணாம்."

ஆவி பேசியதை யாரும் கேட்கவில்லை.

தாளாளர் கேட்டார்: "மகளோட மரணத்த நீ உன் தலையில வாங்கிக்கிறியா? வாங்கிக்கிட்டா அவளுக்கு உயிர் குடுக்க விதியில எடமிருக்கு. நல்லா யோசிச்சுக் கத்து."

நாற்பத்தெட்டு வயது ஆள். வாய்க்கால் பங்கில் ஒருவரும் அவனை ஏய்த்ததில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றால் எதிராளி உட்கார்ந்துவிடுவான். அவன் வாயைத் திறந்து, ஒரே ஒரு தடவை, கழுதை மாதிரி கத்தினான்.

அரங்கம் கைதட்டியது. இளவரசன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "செம்ம" என்றான். உமாதேவி வெள்ளைத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தாளாளரும் கருத்தக்கண்ணனும் காதோடு காதாகப் பேசினார்கள். தீர்ப்பு வந்தது.

"தந்தையின் தியாகம் மன்றத்தின் கண்களைக் கலங்க வைக்கிறது. ஆனால் மனித உயிருக்கு ஈடாகக் கழுதை உயிரை ஏற்க விதியில் இடமில்லை. முறையீடு தள்ளுபடி."

வேல்பாண்டி மேடைக்கு எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. மைக் அவன் கையில் இருந்தது.

"ஏலே தங்கப்பாண்டி! ஒம்மவனுக்கு வந்த சாவ எம்மக தலையில தூக்கி வச்சிட்டு, அதுக்கு விதின்னு பேரு வைக்கிறியாலே? தண்ணி குடுக்க வந்த புள்ளைய! நாலு பேரு மத்தியில என்னைக் கத்த விட்டுட்டு, கழுதைன்னு தள்ளுறியா? நீ மந்திரமும் போட வேணாம், ஒரு மயிரும் போட வேணாம். எம்புள்ளைக்குப் பரீட்சை எழுத வழிய விடு!"

"கழுதை பேசுது" என்றார் கருத்தக்கண்ணன், கவலையோடு. "அபசகுனம்."

செக்யூரிட்டிகள் ஏறி வந்து அவனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். தாளாளருக்குக் கோபமே வரவில்லை. கோபம் வராதவர் என்பதற்காகவே விருதெல்லாம் வாங்கியிருக்கிறார். "பாத்தீகளா" என்று சபையைப் பார்த்துச் சிரித்தார். "விதிய ஏத்துக்கிற பக்குவம் படிச்சவுகளுக்குத்தான் வரும்."

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. முதலில் ஹாரன். பிறகு கேட் இடிபடும் ஓசை. அதன் பிறகு பெண்களின் ஓலம்.

வீட்டில் காத்திருந்து காத்திருந்து பார்த்திருக்கிறார்கள். வேல்பாண்டிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கல்லூரிக்குப் போட்டால், 'மரணம் தொடர்பான தகவலுக்கு எண் இரண்டை அழுத்தவும்' என்றது. இரண்டை அழுத்தினால் பாட்டுப் பாடியது. புருஷனும் பிள்ளையை எடுத்து வர முடியாமல் கிடக்கிறான் என்று ராக்கம்மாள் எழுந்துவிட்டாள். ஈஸ்வரபாண்டி ஒரு வேனைப் பிடித்து, சொந்தபந்தத்தை ஏற்றி, பின்னால் பிரீசர் பெட்டியையும் ஏற்றி, மாலைகளோடு நேரே வந்துவிட்டார். மரணம் என்றால் இடது பக்கம் என்று சொன்ன செக்யூரிட்டியை வேன் கவனிக்கவில்லை. நடுவில் வந்தது.

எல்லாரும் அரங்க வாசலுக்கு வந்தார்கள். ராக்கம்மாள் வேனிலிருந்து இறங்கினாள். தலை விரிந்து கிடந்தது. அடித்துக்கொண்டதில் நெஞ்செல்லாம் சிவந்திருந்தது. செக்யூரிட்டிகள் பிடித்திருந்த புருஷனைப் பார்த்தாள். அவனுக்குப் பக்கத்தில், வெள்ளைத் துண்டு போர்த்தி நின்ற மகளைப் பார்த்தாள்.

ஓலம் நின்றது. அவள் ஓடி வரவில்லை. ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். மகளின் கன்னத்தைத் தொட்டாள். காதைத் தொட்டாள். உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

"ஆத்தா, நாந்தான். நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் உமாதேவி.

ராக்கம்மாள் திரும்பி, "போன் போட்டது யாரு?" என்று கேட்டாள்.

ஈஸ்வரபாண்டி பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டு முன்னால் வந்தார். "செத்துப்போச்சுன்னு சொன்னது நீங்கதான? பெட்டியோட வந்திருக்கோம். பொணத்தக் குடுங்க."

தாளாளர் சசிதரனைப் பார்த்தார். சசிதரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கருத்தக்கண்ணன் மட்டும் பணியில் வழுவாதவர். "விதிப்படி, விளையாட்டுல இறந்தவங்க உடல் கல்லூரிக்குத்தான் சொந்தம்" என்று ஆரம்பித்தவர், ஈஸ்வரபாண்டியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தாளாளர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படியிறங்கி ராக்கம்மாளிடம் வந்தார். நாலு கல்லூரி, இரண்டு பெட்ரோல் பங்க், ஒரு திருமண மண்டபம் கட்டிய சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

"அம்மா, கோவப்படாதீக. இது விளையாட்டு. கற்பனை. உங்க மக நல்லா இருக்கு, பாத்துக்கிட்டீகளா? ஒண்ணு சொல்றேன், நல்ல விதமா எடுத்துக்கங்க. துக்கத்தத் தாங்குற சக்தியும் ஆளுமை வளர்ச்சிதான். பிள்ளைக்கு மட்டுந்தான் நாங்க பாடம் எடுக்கிறோம். இன்னைக்கு உங்களுக்கும் ஒரு பாடம் கிடைச்சிருக்கு."

ராக்கம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில இருந்து எம்மகளுக்கு ஒப்பாரி வச்சேன்" என்றாள். தொண்டை கட்டிப்போய்க் குரல் காற்றாக வந்தது. "உசுரோட இருக்கிறவள, பேரச் சொல்லி, சீரச் சொல்லி, மண்ணுக்குள்ள வச்சு அழுதேன். அவ பாவாடைய எடுத்து மடியில போட்டுக்கிட்டு அழுதேன். அந்த அழுகை வெளிய வந்திருச்சே. அதத் திருப்பி உள்ள வைக்க ஒங்ககிட்ட மந்திரம் இருக்கா?"

"அது வந்தும்மா... அதெல்லாம் விதி."

அவள் தலையை ஆட்டினாள், ஒத்துக்கொண்டவள் போல. வேனுக்குப் போனாள். மகளுக்கென்று வாங்கி வந்த மாலையை எடுத்தாள். பெரிய மாலை, ஈஸ்வரபாண்டி தாய்மாமன் என்பதால் குறை வைக்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தாளாளர் முன்னால் வந்து நின்றாள்.

அவர் யோசித்திருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் மாலையைக் கண்டால் குனிகிற கழுத்து அது. ஆண்டுவிழா, பாராட்டு விழா, கும்பாபிஷேகம் என்று வருஷக்கணக்காகக் குனிந்து குனிந்து பழகியிருந்தது. தானாகவே வளைந்தது. கைகள் தானாகவே கூப்பின. உதட்டில் சிரிப்பும் வந்துவிட்டது. கல்லூரியின் போட்டோகிராபர் பழக்கதோஷத்தில் படம் எடுத்தார்.

ராக்கம்மாள் மாலையைப் போட்டாள். வேனில் வந்த பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, பாதியில் நின்ற ஒப்பாரியை எடுத்தார்கள்.

*கட்டி வச்ச கட்டடமே, ஒன்னக் காக்க வல்லையே ராசாவே!*
*பகடையும் கைவிட்டதே, பாவி மனம் தாங்கலையே!*

அது பிண மாலை என்று தாளாளருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. கழற்றக் கையைத் தூக்கினார். கருத்தக்கண்ணன் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"ஐயா, தொடாதீக! பொணத்து மாலைய போட்டவுக கையாலதான் எடுக்கணும். நம்மளா எடுத்தா..." மிச்சத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு பகடையைக் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறவர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தாளாளர் சசிதரனைப் பார்த்தார். "யோவ், மந்திரம் ஏதாவது இருக்காய்யா?"

சசிதரன் கூம்புத் தொப்பியின் ஜரிகையைத் தடவிக்கொண்டே நின்றார்.

ஓலம் கூடியது. வகுப்பறைகளிலிருந்து மாணவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். யாரோ ஓடிப் போய் ஆவிக்கூடத்தையும் திறந்துவிட, வெள்ளைத் துண்டுக்காரர்கள் எல்லாரும் வந்து நின்று தங்கள் தாளாளரின் இழவைப் பார்த்தார்கள். தாளாளர் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார், ராக்கம்மாளைப் பார்த்தார். உள்ளேயிருந்து மைக்கைக் கொண்டுவரச் சொல்லி வாங்கினார். நடுங்கும் குரலில் அறிவித்தார்.

"நிர்வாகக் காரணங்களால், மாயலோகத்தில் இதுவரை நடந்த எல்லா மரணங்களும் ரத்து செய்யப்படுகின்றன. எல்லாரும் நாளைக்குப் பரீட்சை எழுதலாம்."

வெள்ளைத் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. செக்யூரிட்டிகள் வேல்பாண்டியை விட்டார்கள். மேடையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த இளவரசன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "டாடி, என்னாச்சு?" என்றான்.

தாளாளர் கழுத்தை நீட்டிக்கொண்டு ராக்கம்மாளிடம் வந்தார். "அம்மா, எல்லாரையும் எழுப்பியாச்சு. இந்த மாலைய எடுத்திருங்க தாயி."

ராக்கம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தலைமுடியைச் சுருட்டிக் கொண்டை போட்டாள்.

"நீ சொன்னது விளையாட்டுத்தான?" என்றாள். "இதுவும் விளையாட்டுத்தான். போட்டுக்கிட்டு இரு."

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். ஒப்பாரி வைத்த பெண்களும் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து ஏறினார்கள். ஈஸ்வரபாண்டி பெட்டியைத் திரும்ப ஏற்றினார். தாளாளர் மாலையோடு அங்கேயே நின்றார். ஆசிரியர்கள் அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேல்பாண்டி பைக்கில் வேனுக்குப் பின்னாலேயே போனான். பின்பக்கக் கண்ணாடி வழியே இரண்டு பேரும் தெரிந்தார்கள். இடமில்லாததால் காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ராக்கம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் உடைந்து கையில் ஏறுகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். வழியில் வீரபாண்டி ஊர் போயிற்று, சின்னமனூர் போயிற்று, பிடி தளரவில்லை. உமாதேவி வலிக்கிறது என்று சொல்லவில்லை.